பெருவிரலில் ஒட்டிய பால்

அப்பாவின் விரலில் ஊசி குத்துவது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து என்னைக் கையாலும் வாயாலும் அடித்த மனுஷன், மயிரளவு ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சுவதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? நான் மெதுவாகக் குத்தியதே இல்லை. "இந்தா, குத்தியாச்சு" என்று முதலில் ஒரு பொய் சொல்வேன். அவர் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்தும்போது குத்துவேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து சிரிப்பாள்.

அப்பா ரப்பர் வெட்டுக்காரர், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் எங்கள் தோட்டம் பாதி தேயிலை, பாதி ரப்பர். நாங்கள் ரப்பர் பக்கத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்தோம். அம்மாவும் பால் வெட்டத்தான் போவாள். நான் மட்டும் ஏ.எல். வரை படித்துவிட்டு டவுனில் ஒரு பார்மசியில் வேலைக்கு நின்றேன். அப்பாவுக்குச் சீனி வியாதி. ரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷினை அங்கிருந்துதான் வாங்கி வந்தேன். அதில் சொருகும் சோதனைத் தாள் கிடைப்பது பெரும்பாடு. அதனால் வாரத்தில் ஒருநாள்தான் அப்பாவுக்கு அந்தக் கொடுமை.

எப்போதும் இடது கை மோதிர விரலில்தான் குத்துவேன். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஊசி இறங்காது. வெட்டுக்காரர்களின் கை அப்படி. கத்தி பிடித்துப் பிடித்துப் பெருவிரல் பிளந்துபோகும். பிளவுக்கு யாரும் மருந்து தேடுவதில்லை. பட்டையில் வடிகிற பாலில் ஒரு சொட்டைத் தொட்டு, பிளவின்மேல் தடவி, வாயால் ஊதிவிடுவார்கள். அது காய்ந்து இன்னொரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. கழுவினாலும் லேசில் போகாது. கையில் பால் ஒட்டாதவன் வெட்டுக்காரனே இல்லை என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் கேகாலை கிளினிக்கில் டொக்டர் அப்பாவைப் படுக்கவைத்துக் காலைப் பார்த்தார். உள்ளங்காலில் ஒரு கம்பி முனையால் அங்கங்கே தொட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப குத்தப் போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். அதற்குள் அவர் இரண்டு காலையும் முடித்திருந்தார்.

அப்புறம் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மாத்திரையை இதற்குமேல் கூட்ட முடியாது. அடுத்த கிளினிக்குக்குள் சீனி இறங்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசி. காலுக்கு உணர்ச்சி செத்துவிட்டது. அதனால் ஒரு சின்னக் காயம் என்றாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரவேண்டும். பிந்தினால் கால் போகும்.

அப்பா காதில் விழுந்தது ஊசி மட்டும்தான். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "தெனம் ஊசியா? அதுக்கு காலு போனா போகட்டும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றேன்.

"காலு இல்லாட்டி ஒக்காந்து திம்பேன். நீதான் ஒழைக்கிறியே."

இப்படித்தான் எங்கள் வீட்டில் பாசமாகப் பேசிக்கொள்வோம்.

கொஞ்ச நாள் கழித்து பார்மசி முதலாளி என்னைக் கூப்பிட்டார். கடை வாசலில் ஒரு சிங்களப் பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். தோளில் லப்டொப் பை, கையில் குழந்தையைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்த ஒரு பெட்டி. "மகள், இவங்க கெம்பஸ்ல படிச்சுப்போட்டு ஆராய்ச்சி செய்றாங்க. ஊசி இல்லாம சீனி பாக்கிறாங்களாம். ஒங்கட தோட்டத்து ஆக்கள் வேணுமாம். நீங்க கொஞ்ச நாளைக்கு இவங்களோட போங்க," என்றார் முதலாளி. குத்தத் தெரிந்தவள், இரண்டு பாஷையும் பேசுகிறவள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஊசி இல்லாமல் பார்ப்பதற்குக் குத்தத் தெரிந்தவள் எதற்கு என்று நான் கேட்டேன். மெஷின் சொல்வது சரியா என்று ஒத்துப்பார்க்க என்றாள். அவளை நான் மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

மிஸ்ஸுக்குத் தோட்டத்தில் கொடுத்த இடம் பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. ஒரு மூலையில் தொட்டில், மறு மூலையில் மேசை. மேசைமேல் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பச்சைப் பலகைத் துண்டு ஒன்று, அதன்மேல் நகத்தளவு செம்புத் தகடு. அதிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போனது. பெட்டியிலிருந்து இன்னொரு வயர் லப்டொப்புக்கு. அந்தச் செம்புத் தகடுதான் அன்டெனா என்றாள்.

"இதுல எத்தன செனல் வரும்?" என்று கேட்டார் அப்பா. லயத்துக் கூரையில் டிஷ் கட்டி வைத்திருக்கும் ஆள் அவர்.

மிஸ் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். இந்தத் தகட்டிலிருந்து மைக்ரோவேவ் என்ற அலை விரலுக்குள் போகும், போய்விட்டுத் திரும்பும். ரத்தத்தில் சீனி கூடினால் திரும்பி வருவது கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எண்ணைச் சொல்லும். ரத்தம் வேண்டாம், வலி கிடையாது. "மரத்துல இருக்கிற பலாக்காயத் தட்டிப் பாத்து, முத்துனதான்னு சொல்லுவீங்கதானே அங்கிள்? அது மாதிரி," என்றாள் சிங்களத்தில்.

"மைக்ரோவேவா? முதலாளி வீட்டுல கோழி வேக வைக்கிற பொட்டியா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். "இந்த மனுசன் வெரலு வெந்துராதா?"

வேகாது, கைபேசியில் பேசும் அளவுகூட இல்லை என்றாள் மிஸ். அப்பா யாரையும் முந்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டு முடிந்து, ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். பெருவிரலைத் தகட்டில் வைக்கச் சொன்னாள். வைத்தார். திரையில் ஒரு கோடு பள்ளம் விழுந்து எழுந்தது. எண் நூறைச் சுற்றி வந்து நின்றது. நல்ல எண்தான். ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு வரவேண்டிய எண்.

பிறகு ஒத்துப்பார்க்க நான் மோதிர விரலில் குத்தினேன். முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு.

மிஸ்ஸின் முகம் சுண்டிப்போனது. அவள் ஒளிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "அங்கிள், ஊசி சொல்றதுதான் சரி. இந்த மெஷின் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கு. இத நம்பி மருந்த மாத்தக் கூடாது," என்று இரண்டு தடவை சொன்னாள். நான் தமிழில் மூன்றாம் தடவை சொன்னேன். அப்பாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

அப்பா மோதிர விரலைச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ குத்துனா அப்பிடித்தான் வரும். அந்தப் புள்ள கெம்பஸ்ல படிச்சது. நீ மாத்திரை எண்ணிக் குடுக்கிறவ."

அன்றோடு ஊசிக்குக் கையைக் கொடுப்பதை நிறுத்தினார். பெருவிரலை மட்டும் தருவேன், வேண்டுமென்றால் தினமும் தருவேன் என்றார். மிஸ்ஸுக்கு ஆட்கள் குறைவு. தேயிலைப் பக்கத்துப் பெண்கள் கொழுந்து பறிப்பதை விட்டு வர மாட்டோம் என்றார்கள். வெட்டுக்காரர்கள் நாலைந்து பேர்தான் ஒழுங்காக வந்தார்கள். தினமும் வருகிற ஒரு சீனிக்காரரை இழக்க அவளுக்கு மனமில்லை. "பரவாயில்ல, அன்டெனா ரீடிங் மட்டும் இருந்தாலும் பிரயோசனம்," என்றாள். தோட்டத்தில் தங்குவதற்குக் கிடைத்த அறையிலிருந்து வெட்டு முடியும் நேரத்துக்கு வருவாள். அப்பா வருவார், விரலை வைப்பார், நூறுக்குப் பக்கத்தில் ஓர் எண் வரும். அதை அவர் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

ஏன் எப்போதும் அந்த எண் வந்தது என்று பிறகுதான் விளங்கியது. கம்ப்யூட்டர் முதலில் படித்ததெல்லாம் கெம்பஸ் பிள்ளைகளின் விரல்களை. பேனாவும் போனும் தவிர வேறெதையும் பிடிக்காத விரல்கள், சீனி இல்லாத ரத்தம். அப்பாவின் பெருவிரலில் காய்ந்த பாலைத் தாண்டி அலை சரியாக உள்ளே போகவில்லை. உள்ளே போகாததால் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் தான் முன்பு படித்ததையே சொல்லிக்கொண்டிருந்தது. நமக்கு மேலே இருக்கிற முக்கால்வாசிப் பேர் செய்கிற வேலைதான். பெருவிரலில் பால் இருப்பதால்தான் நான் அங்கே குத்துவதில்லை. அப்படியிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அவ்வளவு படித்த அவளுக்கும் தோன்றவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று வெட்டு இல்லை. அப்பா பீலித் தண்ணீரில் தேங்காய் மட்டையால் தேய்த்துக் குளித்து, தலைக்கும் கைக்கும் எண்ணெய் வைத்து, கோயிலுக்குப் போய்விட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். விரலை வைத்தார். எண் இருநூறைத் தாண்டியது. அப்பா விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். இன்னும் கூடியது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் வெட்டுக்குப் போய்விட்டு வந்து வைத்தார். நூறு.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் வெட்ட முடியாது, பால் தண்ணீரோடு ஓடிவிடும். வீட்டில் இருந்த நாட்களில் விரலில் பால் உரிந்துபோய் எண் ஏறியது. வெயில் வந்து வெட்டுக்குப் போனதும் இறங்கியது. இரண்டு மூன்று தடவை இப்படியே நடந்தது. வேறு யாராக இருந்தாலும் குழம்பியிருப்பார்கள். அப்பா குழம்பவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"வேல செஞ்சா சீனி எறங்குது. வேல இல்லாட்டி ஏறுது," என்றார் வீட்டுக்கு வந்து. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக அவரை அது பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தேன். "டொக்டரும் அதத்தான சொன்னான், நடங்க நடங்கன்னு. மெசினு காட்டிக் குடுத்திருச்சு."

"மிஸ் என்ன சொன்னாங்க? அத நம்பாதீங்கன்னு சொன்னாங்கல்ல?"

"அது சின்னப் புள்ள. அதுக்கு வேலயப் பத்தி என்னா தெரியும்?"

மற்ற வெட்டுக்காரர்களும் விரலை வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அப்படியே வந்தது. இல்லாமல் எப்படி இருக்கும், எல்லார் கையிலும் அதே பால். சீக்கிரத்தில் அது தோட்டத்துச் செய்தியாகி, கங்காணி வழியாகத் தோட்டத்துரை காதுக்கும் போனது. ஒரு நாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரையே சொன்னார்: "வேலைக்கு வர்றவங்களுக்கு சீனி எறங்குதாம். மெஷினே சொல்லுதாம். லீவு கேக்கிறவங்க யோசிச்சுக் கேளுங்க." அன்றைக்குக் காய்ச்சலோடு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துக் கங்காணி, "போ, போய்ப் படு. சீனி வந்து சாவு," என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. கண்டுபிடித்தவர் அவரல்லவா?

அடுத்த கிளினிக் நாள் வந்தது, போனது. சீனி இல்லாதவனுக்குக் கிளினிக் என்னத்துக்கு என்று போகவில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலை இருக்கிறதா என்று கங்காணியிடம் கேட்டுப் போனார். தன் பங்கு மரங்கள் முடிந்ததும் அம்மாவின் மரங்களுக்கு ஓடினார். மனைவிக்கு ஒத்தாசை என்று யாரும் நினைக்க வேண்டாம், சீனி இறக்கத்தான் ஓடினார். "முப்பது வருசமா ஒரு வாளி தூக்கித் தராத மனுசன், இந்த மெசினு வந்த பொறகுதான் புருசனாட்டம் இருக்கான்," என்றாள் அம்மா.

அப்படி ஓடிய ஒரு நாளில்தான் காலில் வெட்டியது. பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டை ஒன்று உடைந்து கீழே கிடந்திருக்கிறது. செருப்பைக் கிழித்துக்கொண்டு ஏறிவிட்டது. அப்பாவுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த அம்மாதான் இலைச் சருகில் ரத்தத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். அப்பா ஒரு மரத்தில் சாய்ந்து, உள்ளங்காலைத் திருப்பி, சிரட்டைத் துண்டை இழுத்துப் போட்டார். வடிகிற பாலைத் தொட்டுக் காயத்தில் நிறையத் தடவினார். ஊதினார். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

பொழுதுபட நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள். காலைக் காட்டச் சொன்னேன். காட்டினார். உள்ளங்காலில் வெள்ளையாக, வழுவழுப்பாக, தபால் முத்திரை ஒட்டியது மாதிரி ஒரு பட்டை. சுற்றிலும் சுத்தமாக இருந்தது.

"கெளம்புங்க, கேகாலைக்குப் போவோம்."

"என்னாத்துக்கு?"

"டொக்டர் சொன்னாருல்ல. அன்னைக்கே வரணும்னு."

"சீனி இருக்கிறவனுக்குத்தான் புண்ணு ஆறாது. எனக்கு நூறு. போய் மிஸ்ஸுகிட்ட கேளு."

"அந்தப் பாலப் பிச்சுப் பாக்கிறேன், காட்டுங்க."

"கிட்ட வந்த, மிதிப்பேன். ஊசிக்காரி, ஒனக்கு யார் மேலயாவது ரத்தம் பாக்காட்டி தூக்கம் வராது."

நான் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அப்பா போகவில்லை. மிஸ்ஸிடமும் சொன்னேன். அவளும் அவரிடம், "அங்கிள், கண்டிப்பாக் காட்டணும்," என்றாள். அப்பா பதிலுக்குப் பெருவிரலைத் தகட்டில் வைத்தார். எண் வந்தது. அதைக் காட்டிச் சிரித்தார். அது அவள் கொண்டுவந்த மெஷின்.

நாள் போகப் போக வீட்டில் ஒரு வாடை வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் உடுப்பு, பாய், தலைமயிர் எல்லாம் புளித்த பால் நாறும். பட்டையில் காய்ந்து ஒட்டும் ஒட்டுப்பாலை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தால் செத்த எலி மாதிரி இருக்கும். அந்த நாற்றத்துக்குள் அப்பாவின் கால் அழுகும் நாற்றம் யாருக்கும் தெரியாமல் கலந்துபோனது. அம்மா இரண்டு தடவை நாயைத் துரத்தினாள்.

மிஸ் ஒரு நாள் லப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். வெட்டுக்காரர்களின் கோடுகளையெல்லாம் ஒன்றாகப் போட்டிருந்தாள். வேலை நாளில் எல்லார் கோடும் ஒரே மாதிரி. ஓய்வு நாளில் ஆளுக்கொரு மாதிரி. "ஒரே நாள்ல எல்லாருக்கும் ஒரே ரத்தம் இருக்க ஏலாதே," என்றாள். அன்றைக்கு அப்பா வந்ததும் அவருடைய பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள். விளிம்பு கிளம்பியது. மெதுவாக இழுத்தாள். விரல் ரேகையோடு, முழுதாக, உறை மாதிரி கழன்று வந்தது.

உறை கழன்ற விரலை வைக்கச் சொன்னாள். எண் முந்நூறை நெருங்கியது. கழற்றிய உறையைத் தன் பெருவிரலில் போட்டுக்கொண்டு அவள் வைத்தாள். நூறு. ஒரு இனிப்புச் சோடாப் போத்தலைக் கடகடவென்று குடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தாள். அதே நூறு. மாறாமல் நின்றது. அவள் துள்ளாத குறை. "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு," என்று யாருக்கோ போன் எடுக்க ஆரம்பித்தாள். தொட்டிலில் ஒரு குழந்தை விழித்து அழுதது.

நான் அப்பாவின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறை கழன்ற இடம் வெளுத்து, ஊறி, பழைய பிளவுகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது. வெளியே ஒட்டுப்பால் இல்லை. ஸ்டோரும் தூரத்தில். குழந்தைகளின் பால் வாடையும் பவுடர் வாடையும் மட்டுமே இருந்த அறை அது.

கீழே உட்கார்ந்து அப்பாவின் செருப்பைக் கழற்றினேன். அவர் மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பெரிய எண் எங்கிருந்து வந்தது என்று. அவருக்குக் கால் யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. உள்ளங்காலில் பட்டை மேல் பட்டையாக, தினமும் பூசியிருந்தார். தடித்துச் செருப்பு மாதிரியே ஆகியிருந்தது. விளிம்பில் நகத்தை விட்டு இழுத்தேன். விரலில் வந்தது மாதிரியே சுலபமாக வந்தது. அதோடு சதையும் வந்தது.

மிஸ் போனைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அப்பா குனிந்து பார்த்தார். தன்னுடைய காலைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. யாரோ செய்துவைத்த மோசமான வேலையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"நோகல்லயே," என்றார்.

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டு கத்தி அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. முச்சக்கர வண்டிக்குப் போன் பண்ணினேன்.

கேகாலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுக்க வேண்டும் என்று சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "ஊசி போடுவீங்களா?" என்பதுதான். டொக்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "போடுவோம், நிறைய," என்றார். பஸ்ஸில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. காலும் போயிற்று, தினமும் ஊசியும் வந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று, நான்தான் போடுகிறேன். இப்போது எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்புவதில்லை, கெஞ்சுவதில்லை, சட்டையைத் தூக்கிவிட்டுச் சும்மா இருக்கிறார். அப்படிப்பட்ட ஆளைக் குத்துவதில் என்ன இருக்கிறது?

வார்டில் பார்க்கப் போன முதல் நாள் அம்மா, "இனிமே ஒரு சோடி செருப்பு வாங்குனா ரெண்டு தடவைக்கு வரும்," என்று பக்கத்துக் கட்டில்வரை கேட்கும்படி சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். வீடு திரும்பியதும் அம்மா போன காலின் ஒற்றைச் செருப்பை எடுத்து அடுப்பில் போட்டாள். ரப்பர் புகை வீடு முழுக்க அடைத்தது.

மிஸ் எனக்குப் போன் பண்ணினாள். அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். பிறகு, அந்த உறை விஷயம் அவளுடைய ஆராய்ச்சியில் முக்கியமான பகுதியாகிவிட்டது என்றும், மேலே இருக்கிறவர்கள் மெச்சினார்கள் என்றும், எல்லாம் அங்கிளால்தான் என்றும் சொன்னாள். நல்லவள்தான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வருஷம் மிஸ் மறுபடியும் வந்தாள். பெட்டி சின்னதாகியிருந்தது, கைக்கு அடங்கும் அளவு. கூடவே சீனி இல்லாத பிஸ்கட் டின் ஒன்று. இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கே வந்தாள். அப்பாவின் விரல் வேண்டும் என்றாள். பால் ஒட்டிய காலத்து எண்கள் அவளிடம் இருக்கின்றன, பல மாதங்களாகப் பாலே படாத அதே விரலின் எண்கள் கிடைத்தால் பெரிய உதவி. இப்படி இரண்டும் உள்ள ஆள் வேறு யாரும் இல்லை என்றாள். இல்லைதான்.

அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெட்டுக்குப் போகாத கை பூசினது மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. பிளவெல்லாம் மூடிவிட்டது. பெருவிரலைத் தகட்டில் வைத்தார். இருநூற்றுச் சொச்சம். நான் மோதிர விரலில் குத்தினேன். அதே இருநூற்றுச் சொச்சம், ஒன்றிரண்டு முன்பின். மிஸ் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அங்கிள்ட வெரல் இப்ப ரொம்ப நல்லா இருக்கு," என்றாள்.

"எவ்வளவு?" என்றார் அப்பா என்னிடம். சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "பாத்தியா. நான் அன்னைக்கே சொன்னேன்ல. வேல இல்லாட்டி ஏறிரும். காலு மட்டும் இருந்திருந்தா எறங்கியிருக்கும்."

எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆஸ்பத்திரியிலும் சொன்னேன், வீட்டிலும் சொன்னேன், ஊசி போடும்போதும் சொன்னேன். அந்த மனுஷன் எதையும் காதில் வாங்கவில்லை. எனக்குத் தலைக்கு ஏறியது. "இல்லப்பா. காலு இருந்தப்பயும் இம்புட்டுத்தான் இருந்துச்சு. இதவிடக் கூட இருந்துச்சு. பால் ஒட்டியிருந்ததால மெஷினுக்குத் தெரியல. நீங்க ஓடி ஓடி வேல செஞ்சது ஒண்ணுக்கும் ஆகல. சும்மா வீட்டுல படுத்துக் கெடந்திருந்தா காலாவது இருந்திருக்கும்."

சொல்லிவிட்டேன். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வயரைச் சுற்ற ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

அப்பா பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தடவை கேட்டுவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார்.

"பால் ஒட்டியிருந்தா நூறுன்னு காட்டும்?"

"ஆமா."

"இப்பவும்?"

மிஸ்ஸிடம் கேட்டேன். இந்தப் புது மெஷினிலும் அது இன்னும் சரியாகவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்ப கொஞ்சம் பால் கொண்டாந்து தடவு," என்றார் அப்பா.

நான் அசையவில்லை. அம்மா அப்போதுதான் வெட்டு முடிந்து வந்திருந்தாள். ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த வாளியின் அடியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. அவள் வாளிக்குள் விரலை விட்டு வழித்தாள். அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவருடைய பெருவிரலில் தடவினாள். வாயைக் குவித்து ஊதினாள், காயும்வரை ஊதினாள். பிறகு இன்னொரு பூச்சு.

காய்ந்ததும் அப்பா விரலைத் தகட்டில் வைத்தார். எண் இறங்கி இறங்கி நூறில் வந்து நின்றது. மிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா விரலை எடுக்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தார்.